அம்மனுக்கு வந்த நோட்டீஸ்

“ஏப்பா, நீ படிச்ச பிள்ளைதானே. சாமி வரி கட்டணுமா, கட்டக் கூடாதா?”

நாகலெட்சுமி அக்கா இதைக் கேட்டது பஸ் ஸ்டாண்டில், விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடி டவுனுக்கும் ஹட்டனுக்கும் அலைந்துகொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி வந்ததில்லை. “தெரியாது அக்கா” என்றேன். “அப்போ அம்மனைத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத் தொடங்கிவிட்டார். எதற்காகக் கேட்டார் என்பதை அப்புறம் அவர் வாயாலும் மற்றவர்கள் வாயாலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவில் ஒரு வேண்டுகோள் வைக்கும்வரை நான் இந்தக் கதையில் குறுக்கே வர மாட்டேன்.

நாகலெட்சுமி முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மழைநாளில் மலையில் வழுக்கி விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு கூடை சுமக்க முடியவில்லை. பிரதேச சபையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். லயத்து வரிசை வீடுகளில் சிலர் முகம் சுளித்தார்கள். “ஊர்க் குப்பைய அள்ளுறியாமே?” என்று குத்திக் கேட்டவளிடம், “எங்க வீட்டுக் குப்பைய இத்தனை வருசமா சும்மா அள்ளுனேன். ஊர்க் குப்பைக்குச் சம்பளம் தர்றாங்க. எது தேவலை, நீயே சொல்லு” என்று திருப்பிக் கேட்டாராம். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கணவர் சின்னராசா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார். வீட்டில் நாகலெட்சுமியும் மகள் தனுஷிகாவும் மட்டும். தனுஷிகா ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். வாயாடி.

அந்த வாயாடி மூன்று வருடங்களுக்கு முன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். கண்டி ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நாகலெட்சுமி நேர்ந்துகொண்டார்: “மாரியாத்தா, பிள்ளைய எழுப்பிக் குடுத்துரு. மூணு வருசம் உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்.” பிள்ளை எழுந்துகொண்டாள். கண் திறந்ததும் அவள் கேட்டது பொரித்த கருவாடு. நாகலெட்சுமி அழுதுகொண்டே சிரித்தது அன்றுதான்.

இரண்டு வருடம் சட்டி எடுத்தாயிற்று. இந்தப் பங்குனியோடு நேர்த்தி நிறைவேறும். அதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று ஒரு பயம் அவருக்கு எப்போதும் உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்காமல் கதவைச் சாத்த மாட்டார்.

முத்துமாரியம்மன் கோயில் தோட்டத்து ரோடு மெயின் ரோட்டோடு சேருகிற வளைவுக்கு மேலே இருக்கிறது. ஒரு காலத்தில் தகரக் கொட்டகையும் கல்லும்தான். லயத்துச் சனம் சம்பளத்தில் சந்தா பிடித்துக் கொடுத்துக் கொடுத்துக் கோபுரம் வந்தது. பிறகு பக்கத்தில் ஒரு கலியாண மண்டபம் வந்தது. மண்டபத்தின் கீழே ரோட்டைப் பார்த்து மூன்று கடை அறைகள்: ஒரு சலூன், ஒரு போன் கடை, ஒரு கோழிக்கடை. அம்மன் கோயிலுக்குக் கீழே கோழிக்கடையா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. வாடகை ஒழுங்காக வந்ததும் சண்டை அடங்கிவிட்டது.

பிரதேச சபையில் வரிப் பகுதியைப் பார்ப்பவர் சிவரூபன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, இன்னும் குளிர் பழகவில்லை, காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் இருப்பார். மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவருடைய மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டது. நாகலெட்சுமி வேலை முடிந்து கிளம்புவதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“அக்கா, நீங்கள் கோயில் பக்கம்தானே போறியள்? இந்தக் கடிதத்தைத் தலைவரிட்டக் குடுத்துவிடுறியளோ?”

“அதுக்கென்ன தம்பி, குடுத்துட்டுப் போறேன்.”

என்ன கடிதம் என்று நாகலெட்சுமி கேட்கவில்லை. சிவரூபனும் சொல்லவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் யோகேஸ்வரனுக்கு டவுனில் பலசரக்குக் கடை. அன்று கடையில் அவர் இல்லை. சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் என்பதால் மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு தற்காலிகக் கடை போட்டிருந்தார், அங்கே போயிருந்தார். வெள்ளிக்கிழமையாயிற்றே, அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுப் பூசாரி கையில் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார் நாகலெட்சுமி. வீட்டுக்குப் போய்க் குளித்து, தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்தார். கடிதம் நனைந்துவிடாமல் அதையும் தட்டிலேயே வைத்துக்கொண்டார்.

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் வைத்தால் முதல் பத்திரிகையை அர்ச்சனைத் தட்டில் வைத்து அம்மன் காலடிக்குத்தான் கொடுப்பார்கள். பூசாரி சின்னத்தம்பிக்குக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் இருப்பது தெரியாது. கூட்டம் வேறு. தட்டை வாங்கினார், கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார், அம்மன் பாதத்தில் வைத்தார், மேலே பூவைப் போட்டார். மணி அடித்துக்கொண்டிருந்ததால் நாகலெட்சுமி “அண்ணே, அண்ணே” என்றது யார் காதிலும் விழவில்லை. தீபாராதனை முடிந்து வெளியே வந்த பூசாரி சத்தமாகக் கேட்டார்:

“யாரு வீட்டுக் கலியாணம் லெச்சுமி? உன் மகளுக்கு இன்னும் வயசே ஆகலையே!”

“கலியாணம் இல்லண்ணே. அது பிரதேச சபைக் கடுதாசி.”

போன் கடைப் பையன் ஒருவன் தட்டில் திரும்பி வந்த கவரை எடுத்து, மஞ்சள் கையில் ஒட்ட ஒட்டப் பிரித்துப் படித்தான். மண்டபத்துக்கும் கடைகளுக்கும் ஆதன வரி, அதாவது சொத்து வரி, கட்டும்படி அறிவித்தல்.

அடுத்த நாள் காலை மலைத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேரும் அதையேதான் பேசினார்கள். மேல் லயத்துக்குப் போய்ச் சேரும்போது கதை இப்படி ஆகியிருந்தது: நாகலெட்சுமி அம்மனுக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். யோகேஸ்வரன் நல்லதண்ணியிலிருந்து வந்த கோபத்தோடு அப்படியே நின்றார்.

“கொழுந்து எடுத்த சனம் வயித்தைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டுன கோயில் இது. ஒரு கல்லு, ஒரு மூட்டை சீமெந்து குடுத்தாங்களா சபையில? இப்போ வரி கேக்குறாங்க. சாமிக்கே வரியா?”

“புத்த பன்சலைக்குக் கேட்டாங்களா? சர்ச்சுக்குக் கேட்டாங்களா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேட்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

பாலர் பாடசாலை டீச்சர் ஜெயந்தினி எழுந்தார். “சாமிக்கு எங்க கேட்டாங்க மாமா? சலூனுக்கும் கோழிக்கடைக்கும்தானே கேட்டிருக்காங்க. அம்மனா முடி வெட்டுது?”

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

“நீ சும்மா இரு டீச்சர். அந்த வாடகையிலதான் பூசாரிக்குச் சம்பளம். அதுலதான் அன்னதானம். உன் ஸ்கூல் பிள்ளைகளுக்கு எழுதுற கொப்பி யாரு குடுத்தது? அதுவும் சாமி காசுதான்.”

ஜெயந்தினி, “கொப்பி நல்ல கொப்பிதான்” என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் தலைவரின் பார்வை நாகலெட்சுமி மேல் விழுந்தது. அவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, சபையில சம்பளம் வாங்குறதுக்காக அம்மன் காலடியிலயே கொண்டாந்து வச்சுட்டியே. உனக்கு மனசு வந்துச்சா?”

“எனக்குத் தெரியாதுங்க தலைவரே. தம்பி குடுத்தாரு, நான்…”

“தெரிஞ்சோ தெரியாமயோ, நடந்துருச்சு. இந்த வருசம் நீ சட்டி எடுக்க வேணாம். சனம் ஒரு மாதிரிப் பேசுது.”

அவர் அதைக் கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நாகலெட்சுமியும் ஏதாவது கத்தியிருப்பார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு ஆளா இல்லை? மறுநாள் சாயங்காலம் தனுஷிகா புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“உன்னைச் சட்டி எடுக்க விடலையாமே?”

“அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். கைகால் கழுவிட்டு வா, ரொட்டி சூடா இருக்கு.”

“அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்படிச் சொல்லாத!” நாகலெட்சுமி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். பொத்திய கை தானாகவே நெற்றிக்குப் போனது. தனுஷிகா அந்தக் கையைப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள். “பாரு, நல்லாப் பாரு. ரொட்டிதான் சூடு. நான் இல்ல.”

அந்த வாரத்தில்தான் அக்கா டவுனில் படித்தவர்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வரி கட்டலாம் என்று யாராவது தெளிவாகச் சொன்னால் தலைவரிடம் போய்ச் சொல்லலாம். கட்டக் கூடாது என்றால் சிவரூபனிடம் சொல்லலாம். யார் பக்கம் சரி என்று தெரிந்துவிட்டால் தன் சட்டி தன் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தார். அவருக்கே மனம் இரண்டாக இருந்தது. அவருடைய சம்பளம் வரிக் காசு. அவருடைய கோயில் சந்தாக் காசு. இரண்டு பக்கமும் அவர் கை பட்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் சிவரூபன் தானே கோயிலுக்கு வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைவர் முன்னால் நின்றார்.

“ஐயா, அக்காவில ஒரு பிழையும் இல்லை. நான்தான் குடுத்துவிட்டனான். கும்பிடுற இடத்துக்கு நாங்கள் கேக்கேல்லை. வாடகைக்கு விட்ட இடத்துக்குத்தான்.”

“வாடகைக் காசும் கோயிலுக்குள்ளதான் தம்பி வருது. அதை நான் என் வீட்டுக்கா கொண்டுபோறேன்?”

“இல்லை ஐயா, அது எனக்கும் விளங்குது. ஆனால் கோயில் ரோட்டுக்கு லைட் போடுறதும், திருவிழாக் குப்பை அள்ளுறதும் சபைதானே? அதுக்கும் எங்கையாவது இருந்து வரத்தானே வேணும்.”

தலைவர் அவருக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். சண்டை என்னவோ அங்கே நடக்கவில்லை. ஆனால் முடிவும் வரவில்லை.

கடைசியில் பூசாரிதான் சொன்னார்: “நோட்டீஸ் அம்மன் பேருக்கு வந்துருச்சு. அம்மனையே கேட்டுருவோம். பூக் கட்டிப் பார்ப்போம்.”

காப்புக் கட்டுகிற நாளன்று காலையில் பூக் கேட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இரண்டும் ஒரே மாதிரித் தாளில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்று போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் கூடாது என்கிறாள்.

“வரி கட்டுறதையும் நாகலெட்சுமி சட்டி எடுக்குறதையும் சேர்த்தே கேட்டுருங்க” என்றார் தலைவர். “வெள்ளைன்னா ரெண்டும் சரி. சிவப்புன்னா ரெண்டும் இல்ல.”

பூசாரி ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு கண்ணை மூடிக் கேட்டார். ஜெயந்தினியின் பாலர் பாடசாலையிலிருந்து சுலக்ஷனா என்ற நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார்கள். பட்டுப் பாவாடை, இரண்டு பின்னல். “போம்மா, போய் எடு” என்றார்கள். நாகலெட்சுமி கண்ணைத் திறக்கவில்லை.

பிள்ளை போனது. குனிந்தது. ஒரு கையால் ஒன்று, மறு கையால் ஒன்று. இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்துவிட்டது.

“ஒண்ணுதானடி எடுக்கச் சொன்னேன்!” என்று ஜெயந்தினி கத்தினார்.

பிள்ளை விழித்தது. “எனக்கு ரெண்டு சடை இருக்கே டீச்சர்” என்றது.

கோயிலில் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும், “மறுபடி வைங்க” என்றார்.

பூசாரி தலையை ஆட்டினார். “ஒரு தடவை கேட்டாச்சு. மறுபடி கேக்குறது வழக்கமில்ல. கேட்டதே தப்பு தலைவரே. ரெண்டு விசயத்தை ஒரே பூவுல கட்டிக் கேட்டா அம்மா எதுக்குன்னு பதில் சொல்லுவா?”

“அப்போ முடிவு வரல. முடிவு வர்றவரைக்கும் சொன்னது சொன்னதுதான்.”

சட்டி எடுக்கிறவர்களெல்லாம் வரிசையாகப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டார்கள். நாகலெட்சுமி வரிசையில் போகவில்லை. வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து விரதம் இருந்தார். கட்டாத காப்புக்கு யார் விரதம் இருப்பார்கள் என்று தனுஷிகா கேட்டதற்கு, “சட்டிதான் எடுக்க வேணாம்னாங்க. பட்டினி கிடக்க வேணாம்னு யாரும் சொல்லலையே” என்றார்.

திருவிழா அன்று சபையில் அவருக்குக் கோயில் ரோடு வேலை போட்டிருந்தார்கள். சுப்பவைசர் ஜெயகாந்தன், “அக்கா, வேணும்னா லீவு எடுங்க, வேற ஆளைப் போடுறேன்” என்றார். “வேணாம். நானே வர்றேன்” என்றார்.

விடிந்து பனி விலகாத நேரத்திலேயே, மஞ்சள் சேலை கட்டி, அதன் மேல் சபையின் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டி கிளம்புகிற ஆற்றங்கரையிலிருந்து கோயிலை நோக்கி ரோட்டைக் கூட்டினார். சட்டி எடுக்கிறவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். கண்ணாடித் துண்டு கிடக்கும், சோடா மூடி கிடக்கும், பெயர்ந்த கல் குத்தும். போன வருடம் அவர் காலிலேயே குத்தியது. அதனால் சிலதைக் குனிந்து கையாலேயே பொறுக்கினார். இடுப்பு வலித்தது. பள்ளிக்கூடம் இல்லாததால் தனுஷிகா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பின்னால் தெளித்துக்கொண்டே வந்தாள்.

தப்பு மேளச் சத்தம் ஆற்றுப் பக்கம் கேட்டபோது அவர்கள் வளைவுக்கு வந்திருந்தார்கள். நாகலெட்சுமி ஓரமாக ஒதுங்கி, விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

முதல் சட்டி எப்போதும் தலைவர் யோகேஸ்வரனுடையது. மாத்தளைப் பக்கமிருந்து லாரியில் வந்த வேப்பிலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி முன்னால் வந்தார். தேகம் கனத்தவர். வழக்கமாகக் கல் குத்தி நொண்டிக்கொண்டு வருவார். அன்று நிமிர்ந்து நடந்து வந்தார். ரோடு ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. ஒரு தூசி இல்லை.

வளைவில் மஞ்சள் சேலையைப் பார்த்தார். அதன் மேல் பச்சை அங்கியைப் பார்த்தார். வாளியோடு நின்ற பிள்ளையைப் பார்த்தார். நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் அத்தனை சட்டியும் நின்றது. தப்படிக்கிறவர்கள் என்னவோ என்று அடிப்பதை நிறுத்தினார்கள்.

“ஆத்துலருந்து நீதான் கூட்டுனியா?”

“ஆமாங்க தலைவரே.”

“சபை வேலையா, சாமி வேலையா?”

நாகலெட்சுமி தான் கூட்டிய ரோட்டைப் பார்த்தார். “ரோடு ஒண்ணுதானுங்களே” என்றார்.

நெருப்பு தலைவர் முகத்தில் ஆடியது. வியர்வையா கண்ணீரா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“பூசாரி சொன்னது சரிதான். ரெண்டையும் நான்தான் ஒண்ணாக் கட்டுனேன்” என்றார். “வரிக்கும் உன் சட்டிக்கும் என்ன சம்பந்தம்? வெளக்கமாத்தை வச்சுட்டு வா.”

“கை அழுக்குங்க. குப்பை அள்ளுன கை.”

“ஏம்மா தனுஷிகா, வாளியில தண்ணி இருக்கா? அம்மா கையில ஊத்து.”

பிள்ளை ஊற்றினாள். பாதித் தண்ணீர் கையில், பாதித் தண்ணீர் சேலையில். சட்டி எடுத்து வந்த ஒரு பெண் தன் வேப்பிலையில் ஒரு கொத்தை இடக்கையால் உருவி நாகலெட்சுமியின் இடுப்பில் செருகினாள். பூசாரி ஓடி வந்து, தன் கையில் கட்டியிருந்த மஞ்சள் துணியில் ஒரு முனையைக் கிழித்துக் காப்பாகக் கட்டினார். பச்சை அங்கியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு நாகலெட்சுமி இரண்டு கையையும் நீட்டினார். தலைவர் தன் சட்டியை அதில் வைத்தார்.

தப்பு மறுபடி அடிக்கத் தொடங்கியது. நாகலெட்சுமி முன்னால் நடந்தார். தலைவர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார். தனுஷிகா பச்சை அங்கியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை தொங்க, வாளியோடு கூடவே வந்தாள்.

வளைவிலிருந்து கோயில் கொஞ்ச தூரம்தான். சட்டியை இறக்கி வைத்ததும் நாகலெட்சுமி கேட்டார்: “அண்ணே, கடைசிக் கொஞ்ச வழிதானே எடுத்தேன். இது நேர்த்தியில சேருமா?”

“முழு வழியும் நீதானடி முன்னால நடந்த” என்றார் பூசாரி. “கையில இருந்தது மட்டும்தான் வேற.”

அன்று சாயங்காலம் கண்டி ஆஸ்பத்திரிச் சுவர் நாகலெட்சுமியின் மனதைவிட்டு இறங்கியது. அடுத்த நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மகளின் நெற்றியில் கை வைக்காமலே கதவைச் சாத்திவிட்டார். பாதி தூரம் போன பிறகுதான் அது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

வரி விஷயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. கடைகளுக்குக் கட்டுவதென்று கமிட்டி ஒத்துக்கொண்டது. மண்டபத்துக்குப் பாதிதான் கட்டுவோம், ஏழைகளுக்கு அதை இலவசமாகக் கொடுக்கிறோமே என்கிறார் தலைவர்; அதைப் பற்றி அவரும் சிவரூபனும் இன்னும் பிளேன்டீ குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கர்ப்பக்கிரகத்துக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இனி கடிதம் எதுவானாலும் தட்டில் வைக்கக் கூடாது என்று பூசாரி உத்தரவு போட்டிருக்கிறார், புதுக் கண்ணாடியும் வாங்கிவிட்டார்.

கோயில் வரி கட்ட வேண்டுமா என்று இப்போது என்னைக் கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள் என்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் ஊரிலும் ஒரு கோயிலோ, பன்சலையோ, பள்ளிவாசலோ, சர்ச்சோ இருக்கும். அதற்கு ஒரு கமிட்டி இருக்கும், அந்த ரோட்டைக் கூட்டுகிற ஒருவரும் இருப்பார். அவர்களில் யாருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். நேரம் இல்லையென்றால் வரியைப் பற்றிய பேச்சை விட்டுவிடலாம். வளைவில் சட்டி கை மாறியதை மட்டும் விடாமல் சொல்லிவிடுங்கள்.